பெயரின் வால்

பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டுக் கல்லூரிக்கான அப்ளிகேஷன்... இதில் ஏதாவது ஒன்றை நீங்கள் நிரப்பியிருந்தால் அந்தக் கட்டம் ஞாபகத்தில் இருக்கும். ‘சர்நேம்’ என்று கேட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டிருப்பார்கள். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

நம்ம ஊர் கே. முருகன் என்ன செய்வார்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘கே’யை விரித்து ‘கந்தசாமி’ என்று அப்பா பெயரை அங்கே எழுதிவிடுவார். அமெரிக்காவில் போய் இறங்கியதும் எல்லோரும் அவரை ‘மிஸ்டர் கந்தசாமி’ என்று கூப்பிடுவார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று முருகன் சும்மா நின்றுகொண்டிருப்பார். அவர் மனைவி ‘மிஸஸ் கந்தசாமி’ ஆகிவிடுவார். அதாவது, ஊரில் இருக்கும் மாமியாரின் பட்டம் சத்தமில்லாமல் மருமகளுக்குப் போய்விடும்!

குஜராத்தி படேலும், வங்காளி முகர்ஜியும், இங்கிலாந்து ஸ்மித்தும் ஒரு நொடியில் நிரப்பிவிடும் கட்டம் அது. தமிழர்கள் மட்டும் ஏன் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்? நம்மிடம் அப்படி ஒரு பெயரே இல்லையா?

இருந்தது. பிள்ளை, முதலியார், செட்டியார், அய்யர், தேவர், கவுண்டர், நாடார் என்று வரிசையாகவே இருந்தது. பெரும்பாலானவர்கள் கழற்றி வைத்துவிட்டோம். அதில் ஒரு பெயரின் கதையை மட்டும் இந்த வாரம் பார்க்கலாம். ஒரு தலைமுறை அடி வாங்கி, கேஸ் நடத்தி, மனு மேல் மனு போட்டு வாங்கிய பெயர் அது. மை காய்வதற்குள், ‘இதுவும் வேண்டாம்’ என்று மேடை போட்டுச் சொன்னார் அதே சமூகத்தைச் சேர்ந்த ஒருவர். இந்தக் கதையின் முக்கியமான காட்சிகள் எல்லாம் விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் நடந்தவை.

அதற்கு முன்னால், லண்டன் வரைக்கும் ஒரு நடை போய் வந்துவிடுவோம்.

*

ஆங்கிலேயர்களும் ஆதியில் சர்நேமோடு பிறந்தவர்கள் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கேயும் ஜான் என்றால் வெறும் ஜான்தான். ஊருக்கு நாலு ஜான் சேர்ந்தபோதுதான் குழப்பம். கொல்லுப்பட்டறை வைத்திருந்தவரை ஜான் ‘ஸ்மித்’ என்றார்கள். பீப்பாய் செய்தவர் ‘கூப்பர்’. துணி தைத்தவர் ‘டெய்லர்’. ஜானுடைய பையன் ‘ஜான்சன்’. குன்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர் ‘ஹில்’. நம் ஊரில் ‘டெய்லர் மணி’, ‘மேட்டுத் தெரு ராமசாமி’ என்கிறோமே, அதே கதைதான்.

வித்தியாசம் என்னவென்றால், அங்கே அரசாங்கத்துக்கு வரி வசூல் பண்ண வேண்டியிருந்தது. 1377, 1379, 1381 ஆகிய வருஷங்களில் இங்கிலாந்தில் தலைக்கு இவ்வளவு என்று தலைவரி போட்டார்கள். வரி கட்டியவர் யார், ஏமாற்றியவர் யார் என்று பட்டியல் எழுத, வெறும் ‘ஜான்’ போதவில்லை. கூப்பிடு பெயராக இருந்தது குமாஸ்தாவின் பட்டியலில் ஏறியது. இப்படிப் பட்டியல்களில் ஏறி ஏறி, அப்பனுக்கு அப்புறம் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது. கொல்லன் மகன் ரொட்டிக்கடை வைத்தாலும் ‘ஸ்மித்’தான்! இன்றைக்கு இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றிலும் அதிகம் பேருக்கு இருக்கும் சர்நேம் ஸ்மித். ஆனால், எந்த ஸ்மித்தைப் பார்த்தும் ‘உங்க கொள்ளுத் தாத்தா சம்மட்டி அடித்தவரா?’ என்று யாரும் கேட்பதில்லை. பெயர் இருக்கிறது, அதன் அர்த்தம் செத்துப்போய்விட்டது.

இன்னொரு சர்நேமையும் சொல்கிறேன். ‘கால்டுவெல்’. குளிர்ந்த ஊற்று என்று அர்த்தம். எப்போதோ, எந்த ஊற்றின் பக்கத்திலோ குடியிருந்தவர்களுக்கு வந்த பெயர். அந்தப் பெயர் கப்பலேறி 1838-ல் சென்னைக்கு வந்தது. 1841-ல் திருநெல்வேலிச் சீமையில் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தது. ஆம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே ராபர்ட் கால்டுவெல்தான்.

அந்த இலக்கணம் வெளியானது 1856-ல். அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1849-ல் அவர் இன்னொரு சிறு புத்தகம் எழுதினார். தம்மைச் சுற்றியிருந்த பனையேறும் மக்களைப் பற்றிய புத்தகம். அதன் தலைப்பிலேயே அந்த மக்களின் அன்றைய பெயர் இருந்தது: ‘சாணார்’. அவர்கள் கல்லாதவர்கள், தாழ்ந்தவர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தார். வெளிநாட்டுச் சபையாரிடம் நிலைமையை எடுத்துச் சொல்லி உதவி திரட்ட எழுதிய புத்தகம். ஆனால், பாதிரியார்களின் பள்ளியில் இங்கிலீஷ் கற்ற அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் வளர்ந்து, அதையே எடுத்துப் படித்தார்கள். படித்தவர்களுக்குச் சுருக்கென்றது. ‘எங்களைப் பற்றி எழுத நீர் யார்?’ என்று பதிலுக்குச் சிறு நூல்களும் கண்டன மனுக்களும் கிளம்பின.

‘குளிர்ந்த ஊற்று’ கொளுத்திப் போட்ட நெருப்பு அது.

*

சரி, ‘நாடார்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஆரம்பத்தில் அது சமூகம் முழுமைக்குமான பெயர் இல்லை. திருச்செந்தூர் பக்கத்தில் நிலம் வைத்திருந்த, நாயக்கர் காலத்தில் வரி வசூல் உரிமை பெற்றிருந்த சில பெரிய குடும்பங்களின் பட்டம் ‘நாடான்’. நாட்டுக்கு உரியவர் என்று பொருள். அதே சமூகத்தில் தினமும் முப்பது, நாற்பது பனை மரம் ஏறி இறங்கி, பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சியவர்கள் அந்தப் பட்டத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. நாடான் எதிரில் சரிசமமாக உட்காரவும் முடியாது.

வெளியிலோ நிலைமை இன்னும் மோசம். பனையேறியை ஊர்க் கோயிலுக்குள் விட மாட்டார்கள். ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. தெற்குத் திருவிதாங்கூரில் அந்தச் சமூகத்துப் பெண்கள் மேலாடை போட்டுக்கொள்வதற்கே பல வருஷம் போராடி, 1859-ல்தான் அரசு உத்தரவு வாங்கினார்கள். அதுவும் நிபந்தனைகளோடு.

இந்த நிலைமையிலிருந்து ஒரு கூட்டம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பியது. கருப்பட்டி, கருவாடு, உப்பு, புகையிலை ஏற்றிக்கொண்டு கரிசல் காட்டுக்குள் வந்தது. வழியில் களவு பயம். அதனால் தங்குமிடங்களைச் சுவர் எடுத்து, கதவு போட்டு, உள்ளே கிணறு வெட்டி அமைத்துக்கொண்டார்கள். அதற்குப் ‘பேட்டை’ என்று பெயர். பேட்டையைச் சுற்றிக் குடும்பங்கள் வந்தன, கடைகள் வந்தன. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்று ஆறு ஊர்கள் இப்படி வியாபாரத் தலங்களாக எழுந்தன. இதில் விருதுபட்டிதான் இன்றைய விருதுநகர்.

இந்த ஊர்களில் அவர்கள் கண்டுபிடித்த ஆயுதம் ‘மகமை’. விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு காசு என்று வியாபாரி தனக்குத்தானே வரி போட்டுக்கொண்டு, ‘உறவின்முறை’ என்ற ஊர்ப் பொது அமைப்பிடம் கட்டிவிட வேண்டும். கவனித்தீர்களா? இங்கிலாந்தில் ராஜா போட்ட வரியால் சர்நேம் வந்தது. இங்கே தாங்களே போட்டுக்கொண்ட வரிதான் ஒரு பெயரை வாங்கக் கைமுதல் ஆனது.

அந்த மகமைப் பணத்தில் கிணறு வந்தது. ‘உங்க கோயிலுக்குள்ள விடாட்டி என்ன, நாங்களே கட்டிக்கிறோம்’ என்று கோயில் வந்தது. பள்ளிக்கூடம் வந்தது. விருதுபட்டியில் 1880களில் தொடங்கிய பள்ளிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘க்ஷத்ரிய வித்யாசாலா’. வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி தண்டி வளர்த்த பள்ளி. பெயரைப் பாருங்கள்! ‘நாங்கள் க்ஷத்திரியர்கள், பாண்டிய மன்னர்களின் வழி வந்தவர்கள்’ என்று பள்ளிக்கூட வாசலிலேயே போர்டு மாட்டிவிட்டார்கள். அந்தப் பள்ளியில் பிற்பாடு காமாட்சி என்று குலதெய்வத்தின் பெயர் வைக்கப்பட்ட ஒரு பையன் கொஞ்ச வருஷம் படித்தான். அம்மாவுக்கு அவன் ‘ராஜா’. இரண்டையும் சேர்த்து ‘காமராஜ்’ ஆனான். அவரைப் பற்றி அப்புறம்.

*

கையில் காசு வந்தது, கல்வி வந்தது. மரியாதை மட்டும் வரவில்லை.

1897-ல் கமுதியில் ஒரு குழுவினர் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்து பூஜை செய்தார்கள். கோயிலின் அறங்காவலரான ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி கோர்ட்டுக்குப் போனார். ‘இவர்களுக்கு உள்ளே வர உரிமை இல்லை’ என்று வழக்கு. கோயிலைச் சுத்திகரிக்க ஆன செலவுக்கு நஷ்டஈடும் கேட்கப்பட்டது. 1899 ஜூலையில் மதுரை சப்-கோர்ட்டில் தோல்வி. சென்னை ஹைகோர்ட்டில் தோல்வி. விடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சிலுக்கே போனார்கள். 1908-ல் அங்கேயும் தோல்வி. கரிசல்காட்டு வியாபாரிகள் ஒரு கோயில் வாசப்படிக்காகக் கடல் தாண்டிப் போய், பதினொரு வருஷம் வழக்காடித் தோற்றார்கள்.

அதே காலத்தில் சிவகாசியில் சிவன் கோயில் பிரச்னை. உள்ளே விடுவதா, கூடாதா என்ற தகராறு முற்றிக் கோயிலே பூட்டப்பட்டது. 1899 ஜூன் 6. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஆயுதங்களோடு திரண்டு சிவகாசிக்குள் புகுந்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. உயிர்கள் போயின. கலவரம் அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கும் பரவியது. பட்டாளம் வந்துதான் அடங்கியது. வரலாற்றில் ‘சிவகாசிக் கொள்ளை’ என்று பெயர் வாங்கிவிட்ட சம்பவம் இது. பட்டாசுக்கு முன்னாலேயே சிவகாசியின் பெயரைத் தேசம் கேள்விப்பட்டது இப்படித்தான்.

இத்தனைக்கும் அடியில் இருந்தது ஒரு கேள்வி: ‘நீ யார்?’ எதிர்த்தரப்பு ஒரு பெயர் சொன்னது. இவர்கள் ஒரு பெயர் சொன்னார்கள். சர்க்கார் எழுதி வைத்திருந்ததோ எதிர்த்தரப்பு சொன்ன பெயர். அதாவது, வெள்ளைக்காரன் எடுத்த சென்சஸில், பத்திரப் பதிவில், கோர்ட் ரிக்கார்டில் எல்லாம் அந்தப் பழைய பெயர்தான். சொத்து வாங்கப் போனால்கூட, தன்னை இழிவாக அழைக்கும் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

கோயில் கதவைத் திறக்க முடியாதவர்கள், சரி, முதலில் பேனாவைத் திருப்புவோம் என்று முடிவு செய்தார்கள். 1910-ல் தஞ்சாவூர் ஜில்லா பொறையாரில், ராவ் பகதூர் ரத்தினசாமி நாடார் கூட்டிய மாநாட்டில் பிறந்தது ‘நாடார் மகாஜன சங்கம்’. சங்கத்தின் பெயரிலேயே பதில் இருந்தது. ஒரு சில நிலக்கிழார் குடும்பங்களின் பட்டமாக இருந்தது, இப்போது பனையேறி முதல் பருத்தி வியாபாரி வரை எல்லாருக்கும் பொதுப் பெயர். அந்தப் பட்டம் மேலிருந்து கீழே யாரும் கொடுத்தது இல்லை. கீழே இருந்தவர்கள் எடுத்துக்கொண்டது.

மனுக்கள் போயின. மறுபடி போயின. கடைசியில் 1921-ல் சென்னை மாகாண அரசு இறங்கி வந்தது. அரசு ஆவணங்களில் இனி ‘நாடார்’ என்றே எழுத வேண்டும் என்று உத்தரவு. ஒரு வரி உத்தரவுதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எரிந்துபோன ஓர் ஊரும், லண்டன் வரை போய்த் தோற்ற ஒரு வழக்கும் இருந்தன.

அதே 1921-ல் தூத்துக்குடியில் ஒரு வங்கி திறந்தார்கள். என்ன பெயர் தெரியுமா? ‘நாடார் பேங்க்’. அடுத்த வருஷம், 1922-ல் சிவகாசியிலிருந்து அய்யநாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பெய்யாத ஊர் விவசாயத்துக்குச் சாபம். தீக்குச்சி காயவைக்க வரம்! தீப்பெட்டி வந்தது, பட்டாசு வந்தது, லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. 1923-ல் விருதுபட்டியும் ‘விருதுநகர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. ‘பட்டி’ போய் ‘நகர்’!

பெயர் மாறினால் நடை மாறும் என்று நம்பிய ஊர் அது.

*

இங்கேதான் கதை ஒரு பல்டி அடிக்கிறது.

1929 பிப்ரவரி. செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்வதை எல்லோரும் விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். ஈ.வெ.ராமசாமி நாயக்கர் 1927-ன் கடைசியிலேயே தம் ‘குடி அரசு’ பத்திரிகையில் ‘நாயக்கர்’ என்பதை எடுத்துவிட்டிருந்தார். சரி, அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் யார்?

டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பட்டிவீரன்பட்டிக்காரர். நாடார் மகாஜன சங்கத்தின் பெரிய தலைவர்களில் ஒருவர். சென்னை தி.நகர் பாண்டி பஜாருக்கு ‘சௌந்தரபாண்டியனார் அங்காடி’ என்று பெயர்ப் பலகை இருக்கிறதே, அவர்தான்.

யோசித்துப் பாருங்கள். ‘நாடார்’ என்று சர்க்கார் எழுத ஆரம்பித்து எட்டு வருஷம்கூட ஆகவில்லை. அப்பா, தாத்தா எல்லாம் அடி வாங்கிச் சேர்த்த சொத்து. ‘இப்பத்தானய்யா கைக்கு வந்துச்சு, அதுக்குள்ள விடச் சொல்றியே’ என்று சொந்தக்காரர்கள் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்விதான். ஏனென்றால் காலம் காலமாகப் பட்டம் வைத்திருந்தவர் அதை விடுவது வேறு. நேற்று வரை இழிபெயரால் அழைக்கப்பட்டவர் விடுவது வேறு. முன்னவருக்கு அது பழைய சட்டை. பின்னவருக்கு அது முதல் சட்டை.

ஆனால், சௌந்தரபாண்டியனின் கணக்கு வேறு மாதிரி இருந்தது. அவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸை ரத்து செய்வோம் என்று உத்தரவு போட்டார். நான் ஏணியில் இரண்டு படி ஏறிவிட்டேன் என்பது பெருமை இல்லை. ஏணியையே எடுத்துப் போட வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவின் அர்த்தம். பட்டம் வைத்துக்கொண்டால் ஏணியில் நமக்கும் ஓர் இடம் கிடைக்கும். ஆனால், நமக்குக் கீழே யாராவது இருந்தாக வேண்டுமே!

1931 ஆகஸ்டில் மூன்றாவது சுயமரியாதை மாநாடு விருதுநகரிலேயே நடந்தது. பட்டம் வாங்கப் பாடுபட்ட ஊரிலேயே பட்டத்தை விடச் சொல்லி முழக்கம்.

எல்லோரும் உடனே விட்டுவிட்டார்களா? இல்லை. மெல்ல மெல்லத்தான் உதிர்ந்தது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத அய்யர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோரை அழைத்துப் போனபோது, அந்தச் சிறு குழுவில் எஸ்.எஸ். சண்முக நாடாரும் இருந்தார். (தீப்பெட்டி சண்முக நாடார் வேறு, இவர் வேறு.) கமுதியில் மூடிய கதவு 42 வருஷம் கழித்து மதுரையில் திறந்தது. 1952 பொதுத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெயித்தவரின் பெயர் தேர்தல் ஆவணங்களில் ‘காமராஜ நாடார்’. 1954-ல் முதல்வரானவர், 1963-ல் பதவியை விட்டு இறங்கும்போது நாட்டுக்கே ‘காமராஜர்’. வால் எப்போது போனது என்று யாருக்கும் தேதி தெரியாது. அந்த ‘அர்’ மட்டும் ஒட்டிக்கொண்டது. அது ஜனங்கள் கொடுத்த மரியாதை விகுதி.

1967-ல் அதே காமராஜரை அவர் பிறந்த விருதுநகர் தொகுதியே 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தது. ஜெயித்தவர் சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். வருத்தமான செய்திதான். ஆனால் சாதிப் பெயர் ஒன்றே ஓட்டாக மாறிவிடும் என்று நினைப்பவர்கள் அந்த 1,285-ஐ ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

வியாபாரத்திலும் பெயர் உதிர்ந்தது. 1962-ல் ‘நாடார் பேங்க்’ தன் பெயரை ‘தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்’ என்று மாற்றிக்கொண்டது. எல்லா ஜனங்களிடமும் டெபாசிட் வாங்க வேண்டுமென்றால் போர்டில் எல்லாருக்கும் இடம் இருக்க வேண்டும் அல்லவா? சிவகாசிக்காரர்களுக்கு இந்தச் சூட்சுமம் இன்னும் முன்னாலேயே தெரியும். காஷ்மீர் வரைக்கும் போகிற தீப்பெட்டியில் யார் பட்டத்தைப் போடுவது? அணில் போட்டார்கள், சேவல் போட்டார்கள். எழுத்துத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கினார். மளிகைக் கடையில் ‘நாடார் கடை’ என்பது போய் ‘அண்ணாச்சி கடை’ வந்தது. சாதிப் பெயர் இருந்த இடத்தில் ஓர் உறவுப் பெயர்!

*

அப்படியானால் ‘நாடார்’ என்ற பெயர் மறைந்துவிட்டதா? அதுவும் இல்லை. கடல் தாண்டி சர்நேமாகவே வாழ்கிறது. திருச்செந்தூர் பக்கம் பிறந்து, 1976-ல் ஹெச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கிய சிவ் நாடாரைத் தெரியாதவர் உண்டா? டெல்லிக்காரருக்கும் கலிபோர்னியாக்காரருக்கும் அது ஒரு தொழிலதிபரின் குடும்பப் பெயர், அவ்வளவுதான். ஸ்மித் மாதிரி, அர்த்தம் கழன்ற வெறும் சத்தம்.

ஒரு வேடிக்கை. பாரீஸிலும் ஒரு நாடார் இருந்தார்! பலூனில் ஏறி வானத்திலிருந்து முதன்முதலில் போட்டோ எடுத்தவர் என்று புகழ் பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர். சொந்தப் பெயர் ஃபெலிக்ஸ் தூர்நாஷோன். நண்பர்களின் கிண்டல் பேச்சிலிருந்து ‘நாடார்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அவர் இறந்தது 1910-ல். பொறையாரில் சங்கம் பிறந்த அதே வருஷம். அவருக்கும் நம் கதைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரே பெயரை ஒருவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடிகிறது. இன்னொரு கூட்டம் அதற்காக வீட்டை இழக்கிறது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

வால் போனதும் சாதி போய்விட்டதா என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. போகவில்லை. 1985-ல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு ஒரு மாவட்டம் பிரித்து, ‘காமராஜர் மாவட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் படையில் போரிட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தபோது, ‘ஒரு தலித்தின் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம்’ என்று கலவரம் வெடித்தது. உயிர்ப் பலியும் ஆனது. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் மறுபடி விருதுநகர் மாவட்டம் ஆனது. தாழ்த்தப்பட்டவரை பஸ்ஸில் ஏற்று என்று சௌந்தரபாண்டியன் உத்தரவு போட்ட மண் அது. ஏறத்தாழ எழுபது வருஷம் கழித்து, பஸ்ஸின் நெற்றியில் இருந்த பெயருக்குச் சண்டை. கையெழுத்தில் இருந்து கழற்றியதை மனசில் இருந்து கழற்றவில்லை என்றால் இப்படித்தான் ஆகும். கல்யாணப் பத்திரிகையிலும் மேட்ரிமோனி விளம்பரத்திலும் வால் பத்திரமாக இருப்பது உங்களுக்கே தெரியும்.

இருந்தாலும், அந்தக் கழற்றல் வீண் இல்லை. வகுப்பில் வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கே. முருகன், எஸ். முருகன் என்றுதான் கூப்பிடுகிறார். யார் எந்தத் தெரு என்று அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாஸ்போர்ட் ஆபீஸில் நாம் படும் சின்ன அவஸ்தை, அந்த வசதிக்குக் கொடுக்கும் வாடகை.

*

விருதுநகரின் பெயர்க் கணக்கில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

1956 ஜூலை 27. விருதுநகரில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு காந்தியவாதி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். பன்னிரண்டு கோரிக்கைகள். அதில் முக்கியமானது, ‘சென்னை ராஜ்யம்’ என்ற பெயரை எடுத்துவிட்டுத் ‘தமிழ்நாடு’ என்று வைக்க வேண்டும் என்பது. அப்போது முதலமைச்சர் யார்? அதே ஊர்க்காரரான காமராஜர். பெரிய பெரிய தலைவர்கள் வந்து உண்ணாவிரதத்தை நிறுத்தச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. இரண்டரை மாதம் தாண்டியது. அக்டோபர் 13-ஆம் தேதி மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் போனது.

1967 ஜூலை 18-ல் அண்ணாவின் ஆட்சியில் சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14, பொங்கல் திருநாளில் ‘தமிழ்நாடு’ அதிகாரப்பூர்வமானது.

அந்த மனிதரின் பெயர் சங்கரலிங்கம். பெற்றவர்கள் காலத்து வழக்கப்படி அவர் பெயருக்குப் பின்னாலும் ‘நாடார்’ என்ற பட்டம் இருந்தது. இன்று யாரும் அதைச் சொல்வதில்லை. ‘தியாகி சங்கரலிங்கனார்’ என்கிறோம். தம் பெயருக்குப் பின்னால் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், நம் எல்லோருடைய முகவரிக்குப் பின்னாலும் ஒரு பெயரை வைத்துவிட்டுப் போனார்.

சாதியில்லாமல், சண்டையில்லாமல், ஏழு கோடிப் பேருக்கும் மேல் பொதுவாக எழுதுகிற ‘தமிழ்நாடு’ என்ற அந்தக் கடைசி வரியைவிடப் பெரிய சர்நேம் நமக்கு எதற்கு?